உளுந்தூர்பேட்டையில் உலக சினிமா எடுப்பது எப்படி?

சென்னையில் படம் எடுக்க முடியாதவர்கள் மதுரைக்குப் போனார்கள். மதுரையில் இடம் கிடைக்காதவர்கள் தேனிக்குப் போனார்கள். இப்போது அங்கே ஆலமரத்திடமும் கால்ஷீட் கேட்க வேண்டியிருக்கிறது. மிச்சம் உளுந்தூர்பேட்டை. தென்மாவட்டத்துக்காரர்கள் பலரும் இந்த ஊரைப் பார்த்திருக்கிறார்கள், ராத்திரி பஸ் ஜன்னல் வழியாக, பாதித் தூக்கத்தில். ஆகவே திரையில் எதைக் காட்டி ‘இதுதான் உளுந்தூர்பேட்டை’ என்று சொன்னாலும் யாரும் எழுந்து சண்டை போடமாட்டார்கள்.

கையில் காசில்லாமல், எழுதிய வசனமில்லாமல், நடிகர்கள் அந்தந்த நேரத்தில் தோன்றியதைப் பேச, ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடிக்கத் துணிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றவும். பூசணிக்காய் உடைப்பது அவரவர் விருப்பம்.

1. ஊருக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்

உதவி இயக்குநரின் பெரியப்பா வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் உண்மையான காரணம். வாடகை இல்லை, கிணற்றில் தண்ணீர் உண்டு, மொட்டை மாடியில் 15 பேர் பாய் போட்டுப் படுக்கலாம். இதைப் பேட்டியில் சொல்லக்கூடாது. ‘இந்த நிலம் என்னைக் கூப்பிட்டது’ என்று சொல்லவேண்டும். சென்னை–திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் இது. ‘பிரிவு’, ‘பாதை’, ‘தேர்வு’ ஆகிய மூன்று சொற்களும் வருகிற மாதிரி ஒரு பத்தி எழுதி வைத்துக்கொண்டால் எல்லாத் திரைப்பட விழாக்களுக்கும் அனுப்பலாம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதையும் ‘அடையாளச் சிக்கல்’ என்று சேர்த்துவிட்டால் பத்தி பூர்த்தி.

ஒளிப்பதிவாளர் கல்வராயன் மலை வேண்டும் என்பார். உளுந்தூர்பேட்டை சமதரை. மலைக்குக் கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போகவேண்டும். வெள்ளிமலைக்கு யூனிட் வண்டி ஏறி இறங்குகிற டீசல் காசில் இங்கே எத்தனை வேளைச் சாப்பாடு போடலாம் என்று புரொடக்‌ஷன் மேனேஜரை விட்டுக் கணக்குச் சொல்லச் செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு டோல்கேட் விளக்கு வரிசை மலையைவிட அழகு என்று ஒளிப்பதிவாளரே சொல்லிவிடுவார்.

2. திரைக்கதையைத் தவிர்த்துவிடுங்கள்

எழுதுவது காலவிரயம். ‘ஒருவன் திரும்பி வருகிறான்’ என்று ஒரே வரி போதும். எங்கிருந்து, எதற்கு என்றெல்லாம் நடிகர்கள் கண்டுபிடிப்பார்கள். யாராவது கேட்டால் உலக உதாரணங்களை எடுத்து விடுங்கள். ஆனால் அவற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட வேண்டும், முழுக்கச் சொன்னால் ஆபத்து.

உதாரணமாக ஜான் கேசவெட்டிஸ். நியூயார்க்கில் நடிப்புப் பட்டறையில் விளைந்த இவருடைய ‘ஷேடோஸ்’ படம், நீங்கள் பார்த்தது எழுதாமல் நடித்தது என்ற அறிவிப்போடு முடியும். இங்கே நிறுத்துங்கள். 1958-இல் திரையிட்ட முதல் வடிவம் எடுபடாமல், பெரும்பகுதியை எழுதிவைத்து மறுபடி எடுத்துத்தான் 1959-இல் நாம் அறிந்த படம் வந்தது என்பதைச் சொல்லவேண்டாம். அறிவிப்பு மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

மைக் லீ இன்னும் ஆபத்தானவர். திரைக்கதை இல்லாமல்தான் தொடங்குவார். ஆனால் நடிகர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அங்கே பிறந்ததைச் செதுக்கி நிலைப்படுத்திய பிறகுதான் கேமரா வரும். ‘வேரா டிரேக்’ (2004) படத்தின் ஒத்திகையில் குடும்பம் கொண்டாட்டத்தில் இருக்கும்போது போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. அந்த அம்மா ரகசியமாகக் கருக்கலைப்பு செய்பவர் என்பது குடும்பத்தாராக நடித்தவர்களுக்கு அதுவரை தெரியாது. வேராவாக நடித்த இமெல்டா ஸ்டான்டனுக்குப் போலீஸ் வரப்போவது தெரியாது. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்: இயக்குநர். நம் முறையில் அந்த ஒருவரும் கிடையாது. அதுதான் புதுமை.

பக்கத்து மாநிலத்து உதாரணம் கேட்டால் சனல்குமார் சசிதரன். அவருடைய ‘ஒழிவுதிவசத்தெ களி’ எழுதிய வசனம் இல்லாமல் எடுத்த படம். 2015-க்கான கேரள அரசின் சிறந்த பட விருது பெற்றது. பிற்பாதி முழுக்க ஒரே நீண்ட ஷாட். தேர்தல் நாளில் குடிக்கக் கூடும் ஐந்து நண்பர்களின் ஆட்டம் எங்கே போய் முடியும் என்பது உண்ணி ஆர். எழுதிய சிறுகதையிலேயே இருந்தது. வாயில் வரும் சொல்தான் நடிகர்களுடையது, போய்ச் சேரும் இடம் தீர்மானமானது. இதையும் பாதியில் நிறுத்துங்கள்.

3. பணம் இல்லை என்பதைப் பெருமையாக்குங்கள்

சத்யஜித் ரே பாதியில் நின்றுபோன ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) முடிக்க மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. தலைப்பில் பாதை வருகிறதே என்று அரசுக் கணக்கில் சாலை மேம்பாட்டுச் செலவாக எழுதினார்கள் என்பது பிரபலமான கதை. உளுந்தூர்பேட்டையில் இருக்கிற சாலைகளுக்கு நீங்கள் ஒரு முத்தொகுப்பே எடுக்கலாம். நெடுஞ்சாலைத் துறைக்கு மனுப் போட்டுப் பாருங்கள்.

ஜான் ஆபிரகாம் வழி இன்னொன்று. தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்த அதே ஜான், மலையாளத்தில் ‘அம்மா அறியான்’ (1986) எடுக்க ‘ஒடேசா’ என்ற மக்கள் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, பார்க்க வந்தவர்களிடமே காசு திரட்டினார். இதில் ஒரு சங்கடம் உண்டு. காசு கொடுத்தவர்களுக்குப் படத்தைக் காட்டியாக வேண்டும்.

ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் ‘எல் மரியாச்சி’ (1992) எடுத்த கதையைத் தயாரிப்பாளரிடம் தவறாமல் சொல்லுங்கள். கொலம்பியா நிறுவனம் வாங்கிய பிறகு ஒலியைச் சரிசெய்து, 35 மி.மீ. பிரதி போட்டு, விளம்பரம் செய்ய அதைப் போல் பல மடங்கு செலவழித்ததை அவரே பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

நம் ஊரில் குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்திருக்கிறது. அதற்குப் படம் முடிந்து, சான்றிதழ் வாங்கி, தேர்வுக் குழு பார்க்கவேண்டும். வட்டிக்காரர் அத்தனை காலம் உட்கார்ந்திருக்க மாட்டார். இருந்தாலும் அந்த 7 லட்சத்தை முதல் நாளே வரவில் எழுதிவிடுங்கள். மனம் லேசாகும்.

4. நடிகர்களைப் பிடியுங்கள்

முதல் வகை, சென்னையில் நாடகப் பயிற்சி எடுத்தவர்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதியும் குரு சோமசுந்தரமும் வந்தார்கள். கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதியும் வந்தார். இதைச் சொல்லி இளைஞர்களைக் கூப்பிட்டால் சம்பளப் பேச்சு எழாது. அவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் உடம்பையும் குரலையும் பழக்கியதைப் பற்றியும் பேச்சு எழாது.

இரண்டாம் வகை, ஊர்க்காரர்கள். ‘கூழாங்கல்’ படத்தில் வெயிலில் நடந்த சிறுவனுக்கு அதற்குமுன் நடித்துப் பழக்கமில்லை. அந்தப் படம் 2021-இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) மலைச் சனங்களே நடித்தார்கள். ‘கடைசி விவசாயி’யில் (2022) நாயகன் நல்லாண்டி என்ற நிஜமான முதியவர். படம் வெளியாகும் முன்பே அவர் காலமானார். தேசிய விருதின் சிறப்புக் குறிப்பு அவர் போன பிறகு வந்தது. இந்தப் படங்களில் எல்லாம் இயக்குநர்கள் அந்த மனிதர்களுக்காகக் காத்திருந்தார்கள், அவர்கள் வேலைக்கும் நடைக்கும் தக்கபடி படத்தை அமைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு நேரமில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் கேமராவைத் திருப்பி, ‘அண்ணே, நீங்க நீங்களாவே இருங்க’ என்று சொல்லுங்கள். அந்த விநாடியிலிருந்து அவர் சிவாஜியாகிவிடுவார்.

மூன்றாம் வகை, தயாரிப்பாளரின் மச்சான். இவரைத் தவிர்க்க முடியாது. எழுதிய வசனம் இல்லாத படத்தில் இவருக்கு வசனம் குறைவு என்று குறைப்பதும் முடியாது.

நான்காவதாக ஒரு வகை உண்டு. அவர்களை மட்டும் அணுகவேண்டாம். பழைய தென்னார்க்காடு முழுக்கத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாக்களில் ராத்திரி தொடங்கி விடியவிடியப் பாரதக் கூத்து ஆடுகிற கலைஞர்கள் அவர்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வந்ததும் ‘நீ யார், எதுக்கு வந்தே’ என்று கட்டியங்காரன் கேட்பான். உங்கள் படத்தில் முக்கால் மணி நேரம் ஆகியும் தெரியாத கதாபாத்திர அறிமுகம் அங்கே ஒரு கேள்வியில் முடியும். உள்ளூர்ச் சங்கதி, நேற்றைய செய்தி, முன்வரிசையில் தூங்குகிறவர் என்று எதையும் கட்டியங்காரன் இழுத்து வந்து பேசுவான், எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்கும்போது சரியாகப் பாரதத்துக்குள் வந்து நிற்பான். விடிய இன்னும் நேரமிருந்தால் காட்சி நீளும், கிழக்கு வெளுத்துவிட்டால் சுருங்கும். முழுக்கதையும் பாட்டும் அடவும் மனப்பாடமாக இருப்பவனுக்குத்தான் இந்தச் சுதந்திரம். அப்படி ஒருவர் உங்கள் ஸ்பாட்டுக்கு வந்தால் முதல் நாளே ‘கதை என்ன தம்பி?’ என்று கேட்டுவிடுவார். யூனிட் முன்னால் அந்தக் கேள்வி உங்களுக்கு நல்லதல்ல.

5. ஓலை எழுதிக்கொள்ளுங்கள்

ஒப்பந்தத்துக்குப் பேர்போன வட்டாரம் இது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துத் திருநாவலூர்தான் சுந்தரர் பிறந்த ஊர். பெரியபுராணத்தின்படி, அவருடைய கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது, நீ எனக்கு அடிமை’ என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு நடந்தபோது, கிழிந்தது நகல்தான் என்று சொல்லிக் கிழவர் மூல ஓலையை எடுத்துக் காட்டி ஜெயித்தார். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: மூலம் எப்போதும் உங்கள் பெட்டியில் இருக்கட்டும், நடிகருக்கு நகல் போதும்.

கதையின் மீதியை நடிகர்களுக்குச் சொல்லலாம். கிழவர் சிவன் என்று தெரிந்து, ‘என்ன பாடுவேன்’ என்று சுந்தரர் திகைத்தபோது, ‘சண்டையில் என்னைப் பித்தன் என்றாயே, அதிலிருந்தே ஆரம்பி’ என்று பதில் வந்தது. எதிரில் நிற்பவரிடமிருந்து வந்த சொல்லை வாங்கி, அதன்மேல் அடுத்ததைக் கட்டுவது. அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு இம்ப்ரொவைசேஷன் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்.

நடிகர்கள் இந்த முறையில் பேசிப் பேசி உருவாக்கிய வசனம் சட்டப்படி யாருடையது என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவேண்டாம். டைட்டிலில் ‘எழுத்து – இயக்கம்’ என்று உங்கள் பெயரைப் போடுங்கள். வசனத்தைப் பேசிப் படைத்தவர்களுக்கு ‘நன்றி’ கார்டில் இடம் உண்டு, பெரியப்பா பெயருக்குக் கீழே.

6. இலவசக் கூட்டத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கூவாகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் கூடுகிறார்கள். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். ‘இத்தனை ஆயிரம் பேர் சும்மா நடிக்கிறார்கள்’ என்று யூனிட்டில் ஒருவர் கண்ணை விரிப்பார். அவரை அன்று சமையலுக்கு மாற்றிவிடுங்கள். அவர்கள் யாரும் நடிக்கவில்லை, உங்கள் கேமராவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரவுமில்லை.

கள்ளக்குறிச்சி கருணாபுரமும் அப்படித்தான். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன மாவட்டம் இது. அந்தத் தெருவில் போய் நடிகரை நிறுத்தி ‘துக்கத்தை உணர்ந்து பேசுங்க’ என்று சொல்கிற இயக்குநருக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. வேறு தொழில் பார்க்கலாம்.

7. ஒலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்

தமிழ்ப் படத்தில் எதுவானாலும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பழைய வேதம். எழுதாத வசனத்துக்கு அது செல்லாது. நடிகர் மூச்சுவிட்டு, இழுத்து, பாதியில் விழுங்கிப் பேசியதை நாலு மாதம் கழித்து ஏ.சி. அறையில் நின்று அவராலேயே திருப்பிப் பேச முடியாது. என்ன பேசினோம் என்றே நினைவிருக்காது. எனவே லைவ் சவுண்ட்தான். சட்டைக்குள் லேப்பல் மைக், தலைக்குமேல் பூம், இரண்டும் வேண்டும்.

அப்போது ஊரும் நடிக்க வரும். மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் லாரிகளின் ஏர்ஹாரன், கரும்பு டிராக்டர், ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கி, மார்கழியில் நாலரை மணிக்கே கோயில் பாட்டு. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி உங்களைப் பார்ப்பார். ‘யதார்த்தம்’ என்று சொல்லுங்கள். ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாமல் வந்ததே என்று நினைவூட்டுங்கள். இசையை எடுத்துவிட்டால் ஒவ்வொரு காலடிச் சத்தமும் சுத்தமாக வேண்டும், ஒலிக்கான உழைப்பு கூடும் என்று அவர் விளக்கத் தொடங்குவார். அதற்குள் நீங்கள் ‘ரோல்’ சொல்லிவிட வேண்டும்.

8. ஆட்டுக்கு அனுமதி வாங்குங்கள்

எழுதாமல் நடிப்பதில் ஊரிலேயே சிறந்தது ஆடுதான். உணர்ச்சிகரமான காட்சியின் நடுவில் உள்ளே வந்து, நாயகி கையிலிருந்த முருங்கைக்கீரையைத் தின்றுவிட்டுப் போகும். எல்லாரும் சிலிர்ப்பார்கள். சிலிர்ப்பு அடங்கியதும் விதிமுறையை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் விலங்கைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்கவேண்டும். அந்த வாரியம் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானா மாநிலம் பல்லப்கரில் இருக்கிறது. ஆடு தானாகவே வந்தது, கீரையைத் தின்றது அதன் சொந்த முடிவு என்று விண்ணப்பத்தில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

பீடியும் இப்படித்தான். நடிகர் சூழ்நிலைக்குத் தோன்றிப் பற்றவைத்தால், அந்தக் காட்சி முழுக்க மூலையில் எச்சரிக்கை வாசகம் நிற்கும். பத்து நிமிட ஒரே ஷாட்டில் பற்றவைத்தாரென்றால், பார்வையாளர்கள் அந்த வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள்.

9. படம் முடிந்ததும் திரைக்கதை எழுதுங்கள்

முதல் டேக்கில் அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் நாலாவது டேக்கில் மாமன் மச்சான் ஆகியிருப்பார்கள். முதல் டேக்கில் டம்ளர் வலக்கையில், இரண்டாவதில் தரையில், மூன்றாவதில் டம்ளரே இல்லை. இரண்டு கேமரா வைத்து, கதை நடக்கும் வரிசையிலேயே எடுத்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது என்று எடிட்டர் சொல்வார். எடிட்டர்கள் எப்போதும் பின்னால் வந்துதான் இதைச் சொல்வார்கள், முன்னால் நாம் அவர்களைக் கூப்பிடுவதில்லை. ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஒவ்வொரு அடிக்கும் காசு போனது, ‘கட்’ சொல்ல ஒரு காரணம் இருந்தது. இப்போது ஹார்ட் டிஸ்க்தானே என்று ஓடவிட்ட ஃபுட்டேஜ் முழுவதையும் அவர் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதற்கே ஒரு படம் எடுக்கும் காலம் ஆகும். எழுதும் மேசையில் நீங்கள் செய்யாத வேலையை அவர் எடிட்டிங் மேசையில் செய்வார். திரைக்கதைக்கு ஆகாத செலவு அங்கே ஆகும்.

அதன்பின் தணிக்கை. விண்ணப்பத்தோடு படத்தின் முழு வசனப் பிரதி கேட்பார்கள். ஆகவே உதவி இயக்குநரை ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வசனத்தையும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் தவிர்த்துவந்த திரைக்கதை கடைசியில் உங்கள் கைக்கே வந்து சேரும். அதை அழகாக அச்சடித்துப் புத்தகமாகவும் போடலாம். அட்டையில் யார் பெயர் என்பதை ஐந்தாம் படியில் பார்க்கவும்.

10. வெளியிடுங்கள், பிறகு ஒளியுங்கள்

விழாக்களுக்கு அனுப்பும்போது ‘திரைக்கதை இல்லாமல் எடுத்தது’ என்ற வாசகம் முதல் வரியில் வரட்டும். ஊரில் திரையிடும்போது அந்த வாசகம் வேண்டாம். பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

இனி சம்பளம். எழுதாமல் நடித்தவர்கள் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தில் மூன்று நடிகர்கள் காட்டுக்குள் தாங்களே கேமராவைத் தூக்கி, தாங்களே பேசி நடித்தார்கள். இயக்குநர்கள் டப்பாக்களில் குறிப்பு போட்டு வைத்துவிட்டு, நாளுக்கு நாள் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். படம் உலகெங்கும் சுமார் 248 மில்லியன் டாலர் வசூலித்தது. 25 ஆண்டு கழித்து, 2024-இல், அந்த மூவரும் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைத் தரும்படி படத்தின் இப்போதைய உரிமையாளரான நிறுவனத்திடம் பகிரங்கமாகக் கேட்டார்கள். குறைந்த செலவு என்று நாம் சொல்கிற தொகையில் பாக்கி எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. அதை நிரப்பியவர்கள் நடிகர்கள், ஒலிப்பதிவாளர், எடிட்டர், சமையல்காரர்.

ஆகவே பேட்டாவை அன்றன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். படம் விற்றால் யாருக்கு எத்தனை பங்கு என்று ஓலையில் எழுதி, மூலத்தை அவர்களிடம் கொடுத்து நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காசு போதவில்லை என்றால் ஆட்களைக் குறையுங்கள், நாட்களைக் குறையுங்கள், மலையை விடுங்கள். இதை மட்டும் தோன்றியபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒருநாள் காலை எல்லாரும் சேர்ந்து பெரியப்பா வீட்டு வாசலுக்கு வருவார்கள். வரிசையாக நின்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்து, தடங்கலில்லாமல் பேசுவார்கள். தயாரிப்பாளரின் மச்சான்கூட நன்றாக நடிப்பார். ஒன்மோர் கேட்கத் தேவையிருக்காது.